முழிச்சாச்சு, எழுந்திரிக்கல

என் மகளுக்கு இப்போது பதினேழு வயது. காலையில் அவளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். நாலு தடவை கத்தினால், ஐந்தாவது தடவைக்குப் போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: "ஐ வோக் அப் ஆல்ரெடி, மா!" கண் மூடியிருக்கும். கால் அசையாது. எந்தத் தாய்க்கும் இதைக் கேட்டால் பற்றிக்கொண்டுதான் வரும். எனக்கோ சிரிப்பு வந்து தொலைக்கிறது. அந்த வாக்கியத்தின் சொந்தக்காரரை எனக்குத் தெரியும். நாலு வருஷம், விடிவதற்கு முன், பண்டமாரானில் அவர் வீட்டு வாசலில் கார் ஹாரனை அடித்து ஊரைக் கூட்டியவள் நான்.

ஸ்டோர் அண்ணன் என்றுதான் அவரைச் சொல்வோம். மலேசியாவின் ஷா ஆலமில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு தொழிற்சாலை. நான் அங்கே பேக்கிங்கில் லைன் லீடர். அவர் ஸ்டோர் பார்த்தார். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் கட்டவில்லை. சட்டை எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கும், பையில் இரண்டு பேனா இருக்கும். தலைமுடி மட்டும், நேற்று ராத்திரி தலையணை எந்தப் பக்கம் இருந்தது என்று காட்டிக்கொடுக்கும். ஸ்டோர் சாவி அவர் இடுப்பில் தொங்கும். வேறு யாரிடமும் சாவி கிடையாது. அவர் வந்தால்தான் அட்டைப்பெட்டி வரும், அட்டைப்பெட்டி வந்தால்தான் என் லைன் ஓடும்.

காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. நான் கிள்ளானிலிருந்து என் பழைய மைவி காரில் கிளம்பி, வழியில் அவரை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஐந்தே காலுக்கு போன் அடிக்க வேண்டும். ஐந்து ஐம்பதுக்கு வாசலில் நிற்க வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

முதல் நாள் ஒரு ஹாரன் அடித்தேன். எதிர்வீட்டு நாய் எழுந்தது. இரண்டாவது ஹாரனுக்கு எதிர்வீட்டு ஆன்டி எழுந்து, விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். மூன்றாவது ஹாரனுக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை வீல் என்று அழுதது. அதற்கப்புறம்தான் ஸ்டோர் அண்ணன் வீட்டு ஜன்னல் கம்பிக்கு நடுவில் ஒரு கை வெளியே வந்தது. கை மட்டும்.

"முழிச்சிட்டேன்லா!"

"அப்போ வாங்கண்ணே, மணியாச்சு!"

"முழிச்சிட்டேன்னுதானே சொன்னேன்? எழுந்திரிச்சிட்டேன்னு சொன்னேனா?"

நான் வாயைப் பிளந்துகொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம் கழித்து, குளித்து, விபூதி வைத்து, ஒன்றுமே நடக்காதது போல் வந்து சீட்டில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. வேக் அப் வேற, கெட் அப் வேற. வேக் அப் கண்ணுக்கு. கெட் அப் காலுக்கு. நடுவுல இருக்கிற இருபது நிமிஷம் மனுசனுக்குன்னு கடவுள் குடுத்தது. அதுல கை வைக்காத."

"உங்க இருபது நிமிஷத்துக்கு நான் ரோட்டுல நாயோட நிக்கணுமாண்ணே?"

"நீயும் கண்ண மூடிக்கோ. யாரு வேணாம்னா?"

இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? போட்டேன், தினமும். ஆனால் ஜெயித்ததில்லை.

இந்த முழிப்பு விஷயத்தை அவர் ஏதோ சோம்பேறித்தனத்துக்குச் சாக்காகச் சொல்கிறார் என்றுதான் கொஞ்ச நாள் நினைத்தேன். இல்லை. மனிதர் அதை உட்கார்ந்து யோசித்திருந்தார். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு கையடக்க ஆங்கில அகராதியும் வைத்திருந்தார். அதில் ஒரு பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருக்கும். வேக், வோக், வோக்கன், அவேக் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு பாய் டீக்கடை. பாய்க்குப் பூர்வீகம் நாகூர்ப் பக்கம், கடைக்கு வயது எங்கள் தொழிற்சாலையைவிட அதிகம். ஒருநாள் அங்கே தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஸ்டோர் அண்ணன் கேட்டார்: "பாய், காலையில நீங்க எத்தனை மணிக்கு முழிப்பீங்க?"

"முழிப்பு வந்தா முழிப்பேன்," என்றார் பாய், டீயை ஒரு முழ உயரத்துக்கு இழுத்து ஆற்றியபடி.

"கேட்டியா தங்கச்சி! முழிப்பு வரும். விருந்தாளி மாதிரி அதுவா வரணும். முழிப்பை நான் கொண்டாந்தேன்னு தமிழ்ல யாராச்சும் சொல்றோமா? எனக்கு முழிப்பு வந்துச்சுன்னுதானே சொல்றோம்? இங்கிலீஷ்காரன் மட்டும் ஐ வோக் அப்ங்கிறான். தூங்கி முழிச்சதுக்குக்கூட கிரெடிட் எடுத்துக்கிறவன் உலகத்துல அவன் ஒருத்தன்தான்!"

"அப்போ எழுந்திரிக்கிறது?"

"அது நம்ம வேலை. அது நம்ம கையில இருக்கு. பெருமைப்படணும்னாலும் வெட்கப்படணும்னாலும் அதுக்குப் படலாம். முழிப்புக்கு என்னத்துக்கு?"

"டீ ஆறுது. குடிச்சிட்டு முழிங்க," என்றார் பாய்.

தூக்கத்தின் மேல் அவருக்கு இருந்த மரியாதை தன் தூக்கத்தோடு நிற்கவில்லை. யார் தூக்கமானாலும் சரி, அவர் கைவைக்க மாட்டார். ஒருமுறை சாப்பாட்டு நேரம் முடிந்தும் ஒரு நேப்பாளத் தொழிலாளி ஸ்டோரில் அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவசரமாக அந்த அடுக்குத்தான் வேண்டும். "எழுப்புங்கண்ணே!" என்றேன். எழுப்பவில்லை. பின்பக்கமாகப் போய், வேறொரு அடுக்கைப் பிரித்து, வியர்வை வழிய ஒவ்வொரு கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார். "தூங்குறவன எழுப்புறது, சாப்பிடுறவன் தட்டைப் பிடுங்குற மாதிரி. என்னால முடியாது," என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் மனிதவள மேடத்துக்கு அவரைக் கண்டால் ஆகாது. மேடம் யாழ்ப்பாண வம்சம். தாத்தா காலத்திலிருந்து எல்லோரும் அரசாங்க உத்தியோகம். மேடத்தின் ஆங்கிலம் அயர்ன் பண்ணி மடித்து வைத்தது போல் இருக்கும். கோபம் வந்தால் மட்டும் அது கலைந்து யாழ்ப்பாணத் தமிழ் வெளியே வரும். ஒரு திங்கட்கிழமை மேடம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் சீக்கிரம் வேக் அப் ஆக வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை போட்டார். ஸ்டோர் அண்ணன் உடனே பதில் போட்டார்: "மேடம், நாங்கள் வேக் அப் ஆவது சீக்கிரம்தான். கெட் அப் ஆவதுதான் தாமதம். சர்குலரைத் திருத்தவும்." அறுபது பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். மேடம் ஒன்றும் போடவில்லை. அண்ணனுடைய கோப்பில்தான் ஏதோ போட்டார் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த மனிதர் அந்த வார்த்தையிலேயே வழுக்கி விழுந்ததையும் சொல்ல வேண்டும்.

எங்கள் உற்பத்தி மேற்பார்வையாளர் ஆ செங். அவருடைய அப்பா பத்து நாளாக மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தார். தினமும் எல்லோரும் விசாரிப்போம். ஒருநாள் மத்தியானம் ஆ செங்கிடமிருந்து குழுவில் ஒரு செய்தி வந்தது. பெரியவர் படம், ஒரு முகவரி, கீழே ஆங்கிலத்தில், "வேக்: செவ்வாய், புதன், மாலை ஏழு முதல் பத்து வரை."

நான் போனைப் பார்த்து உச்சுக்கொட்டி முடிப்பதற்குள் ஸ்டோர் அண்ணனின் பதில் வந்துவிட்டது. கடவுளுக்கு நன்றி, அங்கிள் வேக் ஆனது ரொம்ப சந்தோஷம், ஆனால் அவசரப்பட்டு கெட் அப் ஆக வேண்டாம் என்று சொல்லவும், மெதுவாக எழுந்தால் போதும்!

லைனை அப்படியே விட்டுவிட்டு ஸ்டோருக்கு ஓடினேன். "அண்ணே! அழிங்கண்ணே! அது எழவுண்ணே!"

"என்ன எழவு?"

"எழவுதாண்ணே! வேக்னா எழவு வீடு! பெரியவரு தவறிட்டாரு!"

அகராதியை எடுத்தார். அந்தக் கறுத்த பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக் கீழே கீழே கொண்டுபோனார். கடைசி வரியில் விரல் நின்றது. அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"முழிக்கிறதுக்கும் எழவுக்கும் ஒரே வார்த்தையா வச்சிருக்கான் பாவி," என்றார். அகராதியை மூடிவிட்டு அவரே, "நாம மட்டும் என்ன? எழுந்தான், எழவுன்னு பக்கத்துல பக்கத்துலதானே வச்சிருக்கோம்," என்றார்.

அன்று மாலை தன்னை எழவு வீட்டுக்கு என் காரில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஆ செங் முன்னால் தலை குனிந்து நின்றார். "சாரி, ஆ செங். ஐ டிட்ன்ட் நோ." ஆ செங்கின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் அன்றுதான் சிரித்தாராம். அப்பா இருந்திருந்தால் அந்தச் செய்தியைப் பத்து பேருக்கு அனுப்பியிருப்பார் என்று சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து வேர்க்கடலைத் தட்டை நகர்த்தினார். இரண்டு நாளும் ஏழிலிருந்து பத்து வரை ஸ்டோர் அண்ணன் அங்கேயே இருந்தார். ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

இனிமேல்தான் நான் தலை குனிய வேண்டிய கதை.

தாமதமாக வந்ததற்காக அவருக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. மூன்றாவது வந்தால் விசாரணை. விசாரணைக்குப் போனவர்களில் திரும்ப வேலைக்கு வந்தவர்களை நான் பார்த்ததில்லை. ஐந்தாம் பாரத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்திய நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு வேறு எங்கே ஸ்டோர் கிடைக்கும்? அவருக்கும் அது தெரியும். "வேலை போனா எனக்குத் தூக்கம் வராது தங்கச்சி," என்றார். அவர் வாயில் அது விளையாட்டுப் பேச்சு இல்லை.

அந்த வாரம் வெளிநாட்டுக்கு ஒரு கண்டெய்னர் போக வேண்டியிருந்தது. சரியாக ஏழு மணிக்கு ஸ்டோர் திறக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் காரிலிருந்து இறங்கும்போது சொன்னார்: "நாளைக்குப் பாரு. நீ ஹாரனே அடிக்க வேணாம். நான் ரோட்டுல நிப்பேன்."

"பார்க்கலாம், பார்க்கலாம்," என்று நக்கலாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

எனக்கும் அது நல்ல வாரம் இல்லை. மகளுக்கு அப்போது ஆறு வயது. டெங்கிக் காய்ச்சல். ஐந்து நாள் மருத்துவமனையில் அவள் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு முந்தின நாள்தான் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, ஊரில் இல்லை. விடுப்பு எடுத்தேன் என்று எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. அண்ணன் அப்படிச் சொன்ன அன்றுதான் மறுபடி வேலைக்குப் போய்வந்து, பிள்ளை தூக்கம் கெடக் கூடாதென்று போனின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அலாரம் அடித்திருக்கிறது. நானே அதை அணைத்தும் இருக்கிறேன். எனக்கு எதுவும் நினைவில்லை.

எனக்கு முழிப்பு வந்தபோது ஏழரை. போனில் பதினாலு மிஸ்ட் கால். எல்லாம் ஸ்டோர் அண்ணன். முதல் கால் ஐந்தரைக்கு.

எப்படிக் கிளம்பினேன், பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் எப்படி விட்டேன், எதுவும் ஞாபகம் இல்லை. எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் கண்டெய்னர் லோரி நிற்கிறது. ஸ்டோர் பூட்டியிருக்கிறது. காவலர் தாமதப் பாரத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பிள்ளை முகம் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம். என் கை எழுதிவிட்டது: "ஸ்டோர்க்காரருக்காக வாசலில் காத்திருந்தேன். ஹாரன் அடித்தும் அவர் எழுந்திரிக்கவில்லை." மூணு வருஷமாக உண்மையாக இருந்த ஒன்றை எழுதினால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

அரைமணி கழித்து அவர் பஸ் பிடித்து, மெயின் ரோட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். காவலர் என் பாரத்தைக் காட்டியிருக்கிறார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். பிறகு தன் பாரத்தில் காரணம் எழுதினார்: "ஐ வோக் அப். ஐ டிட் நாட் கெட் அப்." பொய் சொல்லும்போதும் மனிதர் இலக்கணம் விடவில்லை.

ஒரு வாரத்தில் விசாரணை. நடுவில் தலைமைக்கு ஒரு மலாய்க்காரப் பெரியவர், போக்குவரத்துப் பிரிவிலிருந்து. ஒரு பக்கம் மேடம், ஒரு பக்கம் ஆ செங். சாட்சி நாற்காலியில் நான். அவர் போனை மேசையில் எடுத்து வைத்து அந்தப் பதினாலு அழைப்பைக் காட்டினால் போதும், அன்றே அவர் தப்பித்துவிடுவார். என் வேலை போய்விடும்.

மேடம் கடிதத்தை ஆங்கிலத்தில் வாசித்தார். குற்றச்சாட்டு ஒரே வரிதான்: குறித்த நேரத்தில் வேக் அப் ஆகத் தவறினீர்.

"மேடம், இந்த லெட்டர் தப்பு," என்றார் ஸ்டோர் அண்ணன்.

"என்ன தப்பு?"

"நான் வேக் அப் ஆனேன். அஞ்சே காலுக்கே ஆயிட்டேன். கெட் அப்தான் ஆகல. செய்யாத குத்தத்துக்கு நான் எப்படி மேடம் கையெழுத்துப் போடுறது?"

"இரண்டும் ஒன்றுதான்."

"ஒன்னு இல்ல மேடம். நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்று அகராதியை எடுத்து அந்தக் கறுத்த பக்கத்தை விரித்து, மேசையில் வைத்துத் தள்ளினார்.

மேடத்தின் ஆங்கிலம் அங்கேயே கலைந்தது. "விசர்க் கதை கதையாதேயும்! உம்மாலை கண்டெய்னர் ரெண்டு மணித்தியாலம் நிண்டது!"

தலைமைக்காரர் கையைக் காட்டி நிறுத்தி, மலாயில் கேட்டார். ஆள் பாங்குன் ஆனாரா, ஆகவில்லையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். மலாயில் முழிப்பதற்கும் எழுந்திரிப்பதற்கும் பாங்குன் ஒன்றுதான். ஸ்டோர் அண்ணன் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் பணிவாக எழுந்து நின்று, "துவான், மாத்தா சூடா பாங்குன். பாடான் பெலும்," என்றார். கண் பாங்குன் ஆகிவிட்டது, உடம்பு இன்னும் ஆகவில்லை. பெரியவர் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆ செங் அடக்கவில்லை.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். அண்டைக்கு நீர் ஹோர்ன் அடிச்சனீரோ?"

அவரைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், மறுபடி அவரைப் பார்த்தேன். திருதிருவென்று முழித்தேன்.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றார் ஸ்டோர் அண்ணன். "இப்ப இந்தத் தங்கச்சி முழிக்குது பாருங்க. இந்த முழிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன? இதுவும் வேக் அப்தானா?"

மேடத்துக்கே வாய்க்கோடி துடித்தது. என்ன, என்ன என்று மற்ற இருவரும் கேட்க, மேடமே அதை அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அறையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் "அடிச்சேன் மேடம்," என்று நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

தீர்ப்பு அரைமணியில் வந்தது. குற்றச்சாட்டை எழுதிய விதத்தில் கோளாறு, அதனால் வேலையை விட்டு நீக்க முடியாது. ஆனால் கண்டெய்னர் நின்றது நின்றதுதான். தண்டனையாகக் காலை ஷிப்டிலிருந்து மத்தியான ஷிப்டுக்கு மாற்றம். இனிமேல் மூன்று மணிக்குத்தான் வேலை தொடங்கும்.

ஸ்டோர் அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. பாவம், உடைந்துபோய்விட்டார் என்று மேடம்கூட இரக்கப்பட்டிருப்பார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு மணி, தங்கச்சி! மத்தியானம் மூணு மணி! பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டாக்கூட இது கிடைக்குமா?"

அன்று நான்தான் அவரை வீட்டில் விடக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் டிராபிக் ஜேம். என்னால் அடக்க முடியவில்லை.

"பதினாலு தடவை கூப்பிட்டிருக்கீங்க. ஏண்ணே போனை எடுத்துக் காட்டல?"

"காட்டியிருந்தா உன் வேலை போயிருக்கும். பிள்ளைக்கு இப்பதானே சொகமாச்சு."

"அன்னிக்கு நெஜமாவே ரோட்டுல நின்னீங்களா?"

"நின்னேன்ல! அஞ்சரைக்கே. எதிர்வீட்டு ஆன்டி என்னைப் பார்த்துப் பயந்துட்டாங்க. உன்னைக் காணோம். ஆக்சிடன்டோன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுத் தம்பி வேலைக்குப் போற வழியில மோட்டார் சைக்கிள்ல உன் வீட்டுல இறக்கி விட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வந்தீங்களா?"

"கேட்டு வாசல்ல நின்னேன். கார் நிக்குது. செருப்பு கிடக்குது. ஆள் தூங்குதுன்னு புரிஞ்சுபோச்சு. ஒரு வாரமா நீ கண்ணு மூடலன்னு தெரியும். கேட்டைத் தட்டக் கைய தூக்கினேன். தட்ட மனசு வரல."

இடுப்பில் ஸ்டோர் சாவி, ஷா ஆலமில் கண்டெய்னர், தலைக்கு மேல் மூன்றாவது கடிதம். அப்படியும் இந்த மனிதர் என்னை எழுப்பாமல், பஸ் ஏறப் போயிருக்கிறார். ஜேமில் வண்டி நின்ற இடத்திலேயே நான் அழுதுவிட்டேன்.

"எதுக்கு அழுவுற? தூங்குனதுக்கா? முழிப்பு வரல, அவ்ளோதான். அது உன் கையில இல்ல," என்றார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "முழிச்சதுக்கு அப்புறம் என் பேரை எழுதுன பாரு. அதுதான் உன் கையில இருந்துச்சு."

முன்னால் வண்டி நகர்ந்தது. நானும் நகர்த்தினேன்.

"சரி விடு. இப்பவாச்சும் முழிச்சியே. அது போதும்." சொல்லிவிட்டு சீட்பெல்ட்டில் கன்னத்தைச் சாய்த்தார். பண்டமாரான் வரும்வரை குறட்டை.

அது போதும் என்று அவர் சொல்லிவிட்டார். எனக்குப் போதவில்லை. மறுநாள் காலை தனியாகப் போய், மேடத்தின் கதவைத் தட்டி, பதினாலு மிஸ்ட் காலும் தெரிகிற மாதிரி போனை மேசையில் வைத்தேன். "மேடம், அன்னிக்கு எழுந்திரிக்காதது நான். முழிக்கவும் இல்ல. அவர் ரோட்டுல நின்னாரு."

மேடம் போனை எடுத்து ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் பார்த்தார். "பிள்ளைக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். பிறகு எனக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம் அடித்துக் கொடுத்தார். குறித்த நேரத்தில் வேக் அப் ஆகத் தவறினீர் என்று அதே வரி. என் விஷயத்தில் அது இலக்கணப்படி சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். வேலை தப்பியது, மனசும் லேசாகிவிட்டது. சந்தோஷமாக லைனுக்குப் போனேன்.

மேடம் நியாயமான பெண்மணி என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு வந்தவரை உள்ளே கூப்பிட்டு, எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டு, தண்டனை ரத்து, நாளையிலிருந்து பழையபடி காலை ஷிப்ட் என்று சொல்லிவிட்டார். "மன்னிப்பெல்லாம் வேணாம் மேடம், தண்டனையை மட்டும் வச்சுக்கிறேன்," என்று இவர் கெஞ்சியிருக்கிறார். குற்றம் செய்யாதவருக்குத் தண்டனை கொடுப்பது முறையில்லை என்று மேடம் மறுத்துவிட்டார்.

நான் வேலை முடிந்து கிளம்பும் நேரம். நேராக பேக்கிங் லைனுக்கு வந்தார். இருபது பெண்களுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"உன்ன யாரு எழுந்திரிக்கச் சொன்னா? முழிச்சா போதும்னுதானே சொன்னேன்!"

அவர் என் மேல் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு தொழிற்சாலை வேறு ஊருக்கு மாறியது. அவர் ஈப்போவில் அக்கா வீட்டோடு போய்விட்டார். ஆனால் அதற்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அவர் என்னைத் திட்டியதற்கு மறுநாள் காலை நான் ஐந்தரைக்கே பண்டமாரான் போய்விட்டேன். ஒரே ஒரு ஹாரன், அதுவும் மெதுவாக. நாய் எழுந்தது. ஜன்னல் கம்பிக்கு நடுவில் கை வந்தது. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது, கை மட்டும்தான், குரல் இல்லை.

"மெதுவா வாங்கண்ணே," என்று சொல்லி, இன்ஜினை அணைத்துவிட்டு, நானும் இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டேன்.